ஷவல், ஷவ், ஸ்பேட்: ஆங்கிலச் சொற்களின் வேர் தேடப் பழகுவது எப்படி

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்க ஆசை இருக்கிறது, ஆனால் எதைப் பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை என்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் ஆங்கிலம் எடுத்துப் படிக்கிற பிள்ளைகள், பள்ளிக்கூட வாத்தியார்கள், போட்டித் தேர்வுக்குச் சொற்களை மனப்பாடம் செய்தே அலுத்துப் போனவர்கள், யாராக இருந்தாலும் சரி. பெரிய பெரிய தத்துவச் சொற்களைத் தொடவே வேண்டாம், கையில் பிடிக்கிற சாமான்களில் தொடங்குங்கள். அதிலும் மண்ணை வெட்டுகிற, வாருகிற, தள்ளுகிற கருவிகளின் பெயர்களைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பேன். பொருள் கண்முன்னே இருக்கிறது, அதன் வேலை உடம்புக்கே தெரியும், அதனால் ஒரு சொல்லின் பொருள் நூற்றாண்டுகளில் எங்கே நகர்ந்தது என்பது சட்டென்று புரியும்.

முதல் படி: சாமானைப் பாருங்கள், பெயரை அப்புறம் பார்க்கலாம்

வீட்டில் கிடக்கிற மம்பட்டியை எடுத்து வெளியே வையுங்கள். அகலமான இரும்புத் தகடு, அதன் தலையில் ஒரு வளையம், வளையத்துக்குள் நுழைத்து இறுக்கிய மரக்கணை. தகடும் கணையும் ஒரே கோட்டில் இல்லை, தகடு நம்மைப் பார்த்து மடங்கி நிற்கிறது. தென்னைக்குத் தடம் வெட்டும்போதும் வாழைக்கு மண் அணைக்கும்போதும் இதை ஓங்கிப் போட்டு நம் பக்கமாக இழுக்கிறோம். இருமொழிப் பாடப்புத்தகங்களில் மண்வெட்டிக்கு நேராகப் பெரும்பாலும் ஸ்பேட் என்றுதான் போட்டிருப்பார்கள், அதையே நாமும் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் ஆங்கிலேயர் ஸ்பேட் என்று சொல்லும் சாமான் வேறு. அதில் தகடும் கணையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், தகட்டின் மேல்விளிம்பில் காலை வைத்து அழுத்தினால் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கும். நம் மம்பட்டியின் அமைப்புக்கு நெருங்கிய ஆங்கிலப் பெயர் ஹோ. இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வெட்டு என்ற பொருள் உடைய ஹியூ என்ற ஆங்கில வினைக்கு இது உறவு.

ஷவல் பார்ப்பதற்கு ஸ்பேட் மாதிரி இருந்தாலும் வேலை வேறு. தகடு குழிந்திருக்கும், ஓரங்கள் சற்று உயர்ந்திருக்கும், ஏற்கெனவே இளகிக் கிடக்கிற மணல், ஜல்லி, கரி இவற்றை வாரிப் போடுவதற்கு அது. கட்டட வேலைக்காரர்கள் சவல் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஸ்பேட் வெட்டும், ஷவல் வாரும், ஹோ கொத்தி இழுக்கும். இந்த மூன்றையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளாமல் வேர் தேடப் போனால் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

ஒரு சந்தோஷமான செய்தியும் உண்டு. வெள்ளைக்காரர்கள் நம் ஊருக்கு வந்து இந்தச் சாமானைப் பார்த்தபோது தங்கள் ஸ்பேட் இது இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது, அதனால் நம் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களை யூலும் பர்னெலும் தொகுத்து 1886ல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் மமூட்டி, மமோட்டி என்ற வடிவங்களில் இது இருக்கிறது, தமிழ் மண்வெட்டியிலிருந்து வந்தது என்ற விளக்கத்தோடு. இலங்கை ஆங்கிலத்தில் இன்றைக்கும் மம்மட்டி புழங்குகிறது.

இரண்டாம் படி: சொல்லின் வாலைப் பிடியுங்கள்

ஷவல் என்ற சொல்லை எழுத்து எழுத்தாக எழுதிப் பாருங்கள். முன்பாதி ஷவ், அதாவது நெட்டித் தள்ளு. பின்னால் ஒரு எல் ஒலி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வால்தான் இங்கே முக்கியமான விஷயம். பழைய ஆங்கிலத்தில் ஒரு வினையோடு இந்த எல்-ஐச் சேர்த்தால் அந்த வேலையைச் செய்யும் கருவிக்குப் பெயர் கிடைத்துவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. வெட்டு வெட்டி ஆகிறது, துருவு துருவி ஆகிறது, விசிறு விசிறி ஆகிறது. நம் இகரம் செய்கிற வேலையை அங்கே எல் செய்கிறது. அப்படியானால் ஷவல் என்பதை எழுத்துக்கு எழுத்து தமிழில் வைத்தால் தள்ளி என்றுதான் வரும்.

வாருகிற கருவிக்கு ஏன் தள்ளுகிற பெயர் என்று ஒரு கேள்வி வரும், வர வேண்டும். வீடு கட்டுகிற இடத்தில் மணல் வாருகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அவர் தகட்டைக் குவியலின் உச்சியில் வைத்து அள்ளுவதில்லை. குவியலின் அடியில், தரையோடு தரையாகத் தகட்டைச் சாய்த்து, தொடையை முட்டுக்கொடுத்து முன்னால் ஒரே நெட்டு நெட்டுகிறார், தகட்டின் மேல் மணல் தானாக ஏறிக்கொள்கிறது, அதற்குப் பிறகுதான் தூக்குவதும் சட்டியில் போடுவதும். தள்ளுவதில்தான் முழு பலமும் போகிறது. பெயர் வைத்தவர்கள் கருவியைப் பிடித்து வேலை செய்தவர்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

இதே வாலை வேறு சொற்களிலும் தேடுங்கள், பழக்கம் வந்துவிடும். முகந்து ஊற்றுவதைக் குறித்த பழைய வினை லேட், அதிலிருந்து லேடில், குழம்புக் கரண்டி. ஸ்பின் என்றால் நூற்பது, அதிலிருந்து ஸ்பிண்டில், நூல் சுற்றும் கதிர். தம் என்பது கட்டைவிரல், தையல்காரர் விரலில் மாட்டும் உறை திம்பில். ஷூட் என்ற வினைக்கு உறவு ஷட்டில்: முதலில் எறியும் அம்பையோ ஈட்டியையோ குறித்தது, பிறகு தறியில் இப்படியும் அப்படியும் பாயும் நாடாவுக்குப் பெயராயிற்று, அங்கிருந்துதான் போய்த் திரும்பும் பேருந்து, ரயில் வரை வந்திருக்கிறது.

மூன்றாம் படி: அகராதியின் குறிகளைப் படிக்கப் பழகுங்கள்

நல்ல ஆங்கில அகராதி எதிலும் பொருளுக்கு முன்போ பின்போ சதுர அடைப்புக்குள் ஒரு சின்னப் பத்தி இருக்கும், நாம் வழக்கமாகத் தாண்டிப் போகிற பத்தி. அதில்தான் சொல்லின் பிறப்பு இருக்கிறது. இணையத்தில் இலவசமாகப் பார்க்க எட்டிமான்லைன் தளம் இருக்கிறது, விக்சனரியும் மெரியம்-வெப்ஸ்டரும் இருக்கின்றன. பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பகுதி 1884ல் வந்து 1928ல்தான் முழுமை அடைந்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டில் எந்த வாக்கியத்தில் எழுதப்பட்டது என்று மேற்கோளோடு காட்டும். கல்லூரி நூலகத்தில் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஓ.இ. என்று இருந்தால் பழைய ஆங்கிலம், ஏறக்குறைய 1100க்கு முற்பட்டது. எம்.இ. என்றால் இடைக்கால ஆங்கிலம், 1500 வரை. சொல்லின் தலையில் நட்சத்திரக் குறி இருந்தால் ரொம்பக் கவனம். அந்த வடிவம் எந்த ஓலையிலும் கல்லிலும் எழுதிக் கிடைத்ததில்லை, சகோதர மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கம் செய்தது என்று அர்த்தம். ஷவ்வின் வேராக ஸ்கெயுப் என்பது போன்ற ஒரு வடிவத்தை நட்சத்திரத்தோடு போட்டிருப்பார்கள், அதை யாரோ பேசிய சொல் மாதிரி மேற்கோள் காட்டக் கூடாது. பெர்ஹாப்ஸ், பிராபப்ளி என்ற சொற்களையும் தாண்டிப் போகாதீர்கள். அகராதிக்காரர் யோசித்துத்தான் அதைப் போடுகிறார். நாம் அதை எடுத்துவிட்டு உறுதியான செய்தியாகப் பரப்பினால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஷவல், பழைய ஆங்கிலத்தில் எஸ்-சி-ஓ-எஃப்-எல். ஷவ், பழைய ஆங்கிலத்தில் எஸ்-சி-யு-எஃப்-ஏ-என். இரண்டும் எஸ்-சி-யில் தொடங்குவதைக் குறித்து வையுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

நான்காம் படி: அக்கா தங்கச்சிகளைக் கூப்பிட்டு வையுங்கள்

ஆங்கிலம் தனியாகப் பிறந்த மொழி இல்லை. டச்சும் ஜெர்மனும் டேனிஷும் ஸ்வீடிஷும் அதன் உடன்பிறப்புகள். ஒரு சொல் அத்தனை பேர் வீட்டிலும் இருந்தால் அது பாட்டன் காலத்துச் சொத்து என்று நம்பலாம். ஜெர்மனில் தள்ளு என்பதற்கு ஷீபன், வாரும் கருவிக்கு ஷௌஃபல். டேனிஷில் அந்தக் கருவியின் பெயரை எஸ்-கே-ஓ-வி-எல் என்று எழுதுகிறார்கள். டச்சில் தள்ளுவதற்கான வினையும் இதே குடும்பம், கூடவே ஸ்கொஃபல் என்பதை ஒத்த ஒலியில் ஒரு கருவிப் பெயரும் இருக்கிறது.

டச்சு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் குளச்சல் ஞாபகம் வரும். 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் குளச்சலில் தோற்கடித்தது, பிடிபட்ட கம்பெனி அதிகாரி டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி 1777ல் இறந்து, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கிறார். அந்தக் கம்பெனியின் மொழிதான் இங்கே நான் சொல்கிற டச்சு. நம் கடற்கரை வரை வந்த மொழி என்பதால் அதைப் புரட்டிப் பார்க்க நமக்குக் கூடுதலாகவே ஒரு காரணம் இருக்கிறது.

அந்த டச்சுப் பெயரில் ஒரு விசேஷம். இன்றைய டச்சில் அது மணல் வாருகிற ஷவலைக் குறிப்பதில்லை, களை எடுக்கிற கருவியைக் குறிக்கிறது. தட்டையான கத்தி, நீளமான கணை, அதைத் தரையை ஒட்டி முன்னால் தள்ளித் தள்ளிக் களையின் வேரை அறுப்பார்கள். ஆங்கிலத்திலும் அதற்கு டச்சு ஹோ என்றே பெயர் உண்டு. நாம் மம்பட்டியை நம் பக்கம் இழுக்கிறோம், அவர்கள் அதை அந்தப் பக்கம் தள்ளுகிறார்கள். ஒரே சொல் ஒரு மொழியில் வாருவதற்கும் இன்னொன்றில் களை அறுப்பதற்கும் போயிருக்கிறது, ஆனால் தள்ளுகிற செயல் மட்டும் இரண்டிலும் மாறவில்லை. இப்படிச் செயல் நிலைத்து நின்று பொருள் மாறுவதைப் பார்க்கும்போதுதான் வேர் கையில் சிக்கியது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: ஒலி ஒற்றுமையை நம்பாதீர்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து யாரும் விட்டுவிட வேண்டாம். நம் மாவட்டத்தில் சவுட்டு என்றால் காலால் மிதி, உதை. சவுட்டித் தள்ளினான் என்று சாதாரணமாகப் பேசுகிறோம். ஷவ்வுக்கும் சவுட்டுக்கும் ஒலியும் பக்கம், பொருளும் பக்கம். ஆகவே தமிழிலிருந்துதான் ஆங்கிலம் போயிற்று என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதினால் பத்துப் பேர் பகிர்ந்துவிடுவார்கள். தமிழ் மேல் உள்ள பாசத்தில் செய்வதுதான், எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் பாசம் ஆதாரம் ஆகாது.

எப்படிச் சோதிப்பது? பழைய வடிவத்துக்குப் போங்கள். ஷவ் முதலில் ஷ ஒலியில் தொடங்கவே இல்லை. மூதாதை மொழியில் அது ஸ்க. ஆங்கிலத்தில் அந்த ஸ்க காலப்போக்கில் ஷ ஆகிவிட்டது, வடக்கே டேனிஷ், ஸ்வீடிஷ் பக்கம் பல இடங்களில் ஸ்க அப்படியே நின்றுவிட்டது. இதற்குக் கையோடு சான்று வேண்டுமென்றால் ஷர்ட், ஸ்கர்ட் இரண்டையும் எடுங்கள். ஒரே பழைய சொல், ஷர்ட் இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளை, ஸ்கர்ட் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகளான வைக்கிங்குகளின் மொழி வழியாக வந்த பிள்ளை. இந்த மாற்றம் ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் நடந்திருப்பதால் ஷவ்வின் பழைய முகம் ஸ்க என்பதில் சந்தேகமில்லை. அந்த முகத்தோடு சவுட்டை வைத்துப் பாருங்கள், ஒற்றுமை கலைந்துவிடும்.

பிக்காசு இதைவிட அழகான உதாரணம். நம் பிக்காசு ஆங்கிலப் பிக்காக்ஸிலிருந்து வந்தது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தப் பிக்காக்ஸில் இருக்கிற ஆக்ஸ் உண்மையில் கோடரி இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இடைக்கால ஆங்கிலத்தில் பிக்காஸ் என்பது போலத்தான் ஒலித்தது. கடைசி அசை புரியாத ஆங்கிலேயர், இது ஏதோ கோடரி போலிருக்கிறது என்று ஆக்ஸ் ஆக்கி எழுதிவிட்டார்கள். ஒலியை வைத்துப் பொருள் கற்பிப்பது அந்த ஊர்க்காரர்களுக்கும் உள்ள பழக்கம்தான். நம் பிக்காசு அந்தப் பழைய வடிவத்தைப் போல ஒலிப்பது தற்செயல், பழையதை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆறாம் படி: சொந்தக்காரர்கள் பட்டியல் போடுங்கள்

ஷவ் குடும்பத்தில் ஷஃபில் உண்டு, காலை இழுத்து இழுத்து நடப்பதற்கும் சீட்டு கலைப்பதற்கும். ஸ்கஃபில் உண்டு, கைகலப்பு, தள்ளுமுள்ளு. இரண்டும் இந்த வேரோடு சேர்ந்தவை என்று கருதப்படுகிறது. ஸ்கஃபிலில் ஸ்க அப்படியே நிற்பதைக் கவனித்தீர்களா, அதனால்தான் அது வடக்கிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ஷஃபில்போர்டு என்ற விளையாட்டு 16ஆம் நூற்றாண்டில் ஷவ்போர்டு என்றே இருந்தது, பலகையில் காசைத் தள்ளி விளையாடுவது. பின்பு ஷவல்போர்டு ஆகி, அப்புறம் ஷஃபில்போர்டு ஆகிவிட்டது.

புஷ் இந்தக் குடும்பத்தில் இல்லை. அது லத்தீனில் அடி, மோது என்ற பொருள் உடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, நாடித்துடிப்பைக் குறிக்கும் பல்ஸ் அதன் கூடப்பிறந்தது. கதவில் புஷ் என்று எழுதுகிறார்கள், ஷவ் என்று எழுதுவதில்லை. ஷவ்வில் கொஞ்சம் முரட்டுத்தனம் இருக்கிறது, நெட்டித் தள்ளுவது மாதிரி.

ஸ்பேட் முற்றிலும் வேறு வீடு. அகலமான தட்டைத் தகடு என்பதுதான் அதன் ஆதி எண்ணம். கிரேக்கத்தில் ஸ்பாதே, தட்டையான மரத்தகடு. அங்கிருந்து லத்தீனுக்குப் போய் ஸ்பாதா ஆகி அகலமான வாளைக் குறித்தது, அதுவே இத்தாலியனில் ஸ்பாடா. சீட்டுக்கட்டில் நாம் இஸ்பேட் என்கிறோமே, அந்தப் பெயர் தோட்டத்து ஸ்பேடிலிருந்து வரவில்லை, இந்த இத்தாலிய வாளிலிருந்து வந்தது. ஆனால் மேலே ஏறிப் போனால் இரண்டும் ஒரே பழைய வேரில் போய்ச் சேர்கின்றன. சமையலறை ஸ்பாட்டுலா அந்த லத்தீன் சொல்லின் குட்டி வடிவம். தென்னை பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் பாளைக்கு ஸ்பேத் என்று எழுதியிருப்பார்கள், அதுவும் அந்தக் கிரேக்க ஸ்பாதேதான். விரியாத தென்னம்பாளையை ஒரு தடவை கையில் எடுத்து அதன் நீண்டு தட்டிய வடிவத்தைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுசீந்திரம், தேரூர் குளங்களில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. பறவைக் கையேட்டில் நார்தர்ன் ஷவலர் என்ற வாத்து இருக்கும், தமிழில் தட்டைவாயன். அலகு முன்பக்கம் அகன்று விரிந்திருப்பதால் ஷவலோடு சேர்த்துப் பெயர். அதன் அறிவியல் பெயர் ஸ்பாட்டுலா கிளைப்பியாட்டா. ஒரே பறவையின் ஆங்கிலப் பெயரில் ஷவல், லத்தீன் பெயரில் ஸ்பேடின் சொந்தக்காரர். இந்த இரு குடும்பங்களும் சந்திக்கிற இடம் எனக்குத் தெரிந்து இதுதான் ரொம்ப அழகு.

ஏழாம் படி: தொடர்களைப் பயன்படுத்தும் முன் யோசியுங்கள்

ஷவ் ஆஃப் என்பது படகுக்காரர்களின் பேச்சு. கரையிலிருந்து வள்ளத்தை நெட்டிக் கடலுக்குள் இறக்குவதை நம் கடற்கரை ஊர்களில் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். ஒரு ஆளைப் பார்த்து அதைச் சொன்னால் ஓடிப் போ என்று விரட்டுவதாகிவிடும், அலுவலகத்தில் சொல்லக் கூடாது. புஷ் கம்ஸ் டு ஷவ் என்றால் வேறு வழியே இல்லை என்ற கட்டம் வந்தால் என்று பொருள். ஸ்பேட்வர்க் என்பது ஒரு காரியத்துக்கு முன்னால் யாரும் பாராட்டாமல் செய்கிற அடிப்படை உழைப்பு. இன் ஸ்பேட்ஸ் என்றால் ஏராளமாக. பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இஸ்பேட்தான் உயர்ந்த இனம், அங்கிருந்து வந்தது.

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு ஒரு ஸ்பேடை ஸ்பேட் என்றே சொல் என்று ஒரு தொடர் உண்டு. கிரேக்கர்கள் சொன்னது வேறு: அத்திப்பழத்தை அத்திப்பழம் என்றும் தொட்டியைத் தொட்டி என்றும் சொல்வது. அங்கே தொட்டிக்கான சொல் ஸ்காஃபே. டச்சு அறிஞர் எராஸ்மஸ் அதை லத்தீனில் எழுதும்போது மண் கொத்தும் கருவியைக் குறிக்கும் லிகோ என்று போட்டுவிட்டார். ஆங்கில எழுத்தாளர் நிக்கோலஸ் உடால் 1542ல் அதை ஆங்கிலமாக்கும்போது ஸ்பேட் என்று எழுதினார். லிகோ என்பது தகடு மடங்கிய கருவி, சரியாகப் பார்த்தால் நம் மம்பட்டிக்குத்தான் பக்கம். இந்தத் தொடரில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஸ்பேட் என்பது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கொச்சைச் சொல்லாகவும் ஆனது. தொடர் அதைவிடப் பல நூற்றாண்டு பழையதுதான், ஆனாலும் அமெரிக்கரோடு பேசும்போது தவிர்ப்பது நல்லது.

புல்டோசரின் கதையும் இப்படிக் கசப்பானதுதான். இயந்திரத்துக்கு அந்தப் பெயர் 1930 வாக்கில் வருகிறது. அதற்கு முன், 1870களில், அமெரிக்கத் தெற்கில் கறுப்பின வாக்காளர்களை அடித்து மிரட்டுவதற்குத்தான் அந்தச் சொல். அதற்கு நேர்மாறாக ஜேசிபியில் தேட ஒன்றுமே இல்லை. 1945ல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசஃப் சிரில் பாம்ஃபோர்டின் முதலெழுத்துகள், அவ்வளவுதான்.

அடுத்து நீங்களே தேட

டிரவல், அதாவது கொத்தனார் சாந்து பூசும் கரண்டி. லத்தீன் வடிவம் வரை போய் அங்கே அதற்கு என்ன பொருள் என்று பாருங்கள், நம் கொத்தனார்களும் அதைக் கரண்டி என்றே சொல்வது ஏன் என்று யோசியுங்கள். அப்புறம் டிக், டெல்வ் இரண்டையும் ஒன்றாக எடுங்கள். இன்று எல்லாரும் டிக் என்கிறார்கள், ஆனால் பழைய ஆங்கிலத்தில் தோண்டுவதற்கு டெல்வ்தான், டெல்ஃப்ட் என்ற டச்சு நகரத்தின் பெயரும் அதன் உறவு. டிக்குக்கு அகராதி எத்தனை பெர்ஹாப்ஸ் போடுகிறது என்று எண்ணுங்கள். குரோபார் என்ற கடப்பாரையில் காக்கை எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடியுங்கள். ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் போதும்: மேலே கருவியின் படம், கீழே அதன் வேலை, பழைய வடிவம், ஆண்டு, சகோதர மொழி வடிவங்கள், கடைசியில் எது உறுதி, எது ஊகம் என்று தனித்தனியாக.